வான்கோழிக்குக் கோழியால் வரும் கேடு: குடற்புழு நீக்கமும் இனவிருத்திக் கவனமும்

நம் கிராமங்களில் நாட்டுக்கோழி வளர்க்காத வீடுகள் சிலவே. அவ்வீடுகளுட் சிலவற்றின் முற்றத்தில் வான்கோழிகளும் உலாவுவதை இக்காலத்திற் காண்கிறோம். வான்கோழி நாட்டுக்கோழியைவிடப் பன்மடங்கு எடையுள்ளது; புல்லையும் பூச்சியையும் மேய்ந்து வளரக்கூடியது; பண்டிகைக் காலத்தில் நல்ல விலை போவது. ஆகையால் கையில் சிறிது முதலுள்ள குடியானவர் அதன்மீது ஆசை கொள்வது இயல்பே. ஆயினும் வாங்கி வளர்க்கத் தொடங்கியவர்களிற் பலர் ஓராண்டு செல்வதற்குள், “இது நமக்கு ராசியில்லை” என்று கைவிட்டு விடுகின்றனர். காரணம் கேட்டால், நன்றாய் மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் இறக்கையைத் தொங்கவிட்டு, மஞ்சளாய்க் கழிந்து, ஒன்றன்பின் ஒன்றாய் மாண்டன என்றும், அதே முற்றத்தில் இருந்த நாட்டுக்கோழிகளுக்கு யாதொன்றும் நேரவில்லை என்றும் கூறுவர்.

இதில் ராசிக்கு இடமில்லை. கோழிகளுக்கு யாதொன்றும் நேரவில்லை என்று அவர்கள் சொல்லும் அச்செய்தியிலேயே சாவின் காரணம் அடங்கியிருக்கிறது. அதனை விளக்கி, நமது சங்க அங்கத்தினர் தத்தம் பறவைகளைக் காத்துக்கொள்ளும் முறையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வான்கோழியும் அதன் உறவினமும்

வான்கோழி நம் நாட்டுப் பறவையன்று. மெக்ஸிகோ தேசத்துப் பூர்வகுடிகள் அதனை ஆதியிற் பழக்கி வளர்த்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612-ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீரின் அரண்மனைக்கு ஒரு வான்கோழி வந்தது. அவர் அதனை மயிலோடு ஒப்பிட்டுத் தம் நினைவுக் குறிப்பில் வருணித்ததுடன், மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு சித்திரமும் எழுதுவித்தார்.

அவர் மயிலோடு ஒப்பிட்டது பொருத்தமே. கோழி, மயில், வான்கோழி ஆகிய மூன்றும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் ஒன்றன் குடலில் வாழும் புழு மற்றவற்றின் குடலிலும் வாழ வல்லது. மிருகக்காட்சிச் சாலைகளில் மயில்களைப் பேணுவோர் அவற்றைக் கோழிகள் நடமாடும் நிலத்தில் விடாது காப்பதும், எச்சத்தைப் பரீட்சித்துப் புழுவுக்கு மருந்து கொடுப்பதும் இக்காரணம் பற்றியே. நம் அங்கத்தினர் ஒன்றை மட்டும் மறத்தலாகாது. மயில் 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்தது. வயலோரத்தில் கண்ட மயில் முட்டையை எடுத்துவந்து கோழியின் கீழ் அடை வைப்பதும் அச்சட்டப்படி குற்றமாகும். வளர்ப்பதற்கு உரியது வான்கோழியே; மயிலைக் காட்டிலேயே விட்டுவிடுக.

கேடு வரும் வழி

வான்கோழிகளை மாய்க்கும் இவ்வியாதிக்குக் கருந்தலை நோய் என்று பெயர். தலை கறுப்பது எல்லாப் பறவைகளிலும் காணப்படுவதன்று. ஆதலின் பெயரைக் கொண்டு ஏமாறலாகாது. அமெரிக்காவில் ரோட் ஐலண்டு பகுதியில் வான்கோழிகள் கூட்டங் கூட்டமாய் மடிந்தபோது, தியோபால்ட் ஸ்மித் என்னும் விஞ்ஞானி ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஓரணுப் பிராணி ஒன்று பறவையின் குருட்டுக்குடலையும் ஈரலையும் அரிப்பதே காரணமென 1895-இல் வெளியிட்டார். அப்பிராணி தனியே எச்சத்தில் விழுந்தால் சில மணி நேரத்தில் இறந்துபோகும். அத்தனை பலவீனமான பிராணி ஒரு நிலத்தில் ஆண்டுக்கணக்காய் எவ்வாறு தங்குகிறது என்பது விளங்காமலே இருந்தது. 1920-இல் கிரேபில் என்பவரும் ஸ்மித்தும் அம்மர்மத்தைத் தெளிவாக்கினர். கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் அப்பிராணி ஒளிந்து வாழ்கின்றது என்பதே அவர்கள் கண்ட உண்மை.

நாட்டுக்கோழியின் குடல் முடியும் இடத்தில் இரண்டு பைகள் போன்ற குருட்டுக்குடல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய வெண்புழுக்கள் வாழும். அவற்றால் கோழிக்குப் பெருந்துன்பம் இல்லை. அது வழக்கம்போல் மேயும், முட்டையிடும். ஆனால் அதன் எச்சத்தோடு புழுவின் முட்டைகள் ஓயாது நிலத்தில் விழுகின்றன. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அவை பக்குவப்பட்டு, ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஆண்டுக்கணக்காய் உயிரோடு கிடக்கும். மண்புழுக்கள் அவற்றை விழுங்கித் தம் உடலில் சேர்த்து வைக்கும். மழை பெய்து மண்புழுக்கள் மேலே வரும்போது வான்கோழிகள் ஆவலோடு பொறுக்கித் தின்னும். கோழிக்குத் தீங்கு செய்யாத அம்முட்டை வான்கோழியின் குடலில் வெடித்ததும் உள்ளிருந்த ஓரணுப் பிராணி விடுதலை பெற்று ஈரலைச் சென்றடைகிறது.

ஏழு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் பறவை சோர்ந்து நிற்கும், இறக்கை தொங்கும், இரை எடாது, எச்சம் கந்தகம் போன்ற மஞ்சள் நிறமாகும். இறந்ததை அறுத்துப் பார்த்தால் ஈரலில் நடுவே குழிந்த வட்டவட்டமான புண்களும், குருட்டுக்குடலில் பாலாடைக்கட்டி போன்ற அடைப்பும் காணப்படும். நோய் ஒருமுறை கூட்டத்திற் புகுந்துவிட்டால் வான்கோழிகளுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் புழுவின் உதவியின்றியே பரவும். ஒரு கூட்டத்தில் பெரும்பாலானவை மடிந்துபோவதும் உண்டு.

இந்நோய்க்குப் பயன்பட்ட மருந்துகள் மனிதருடைய ஆரோக்கியத்தை முன்னிட்டு ஒவ்வொன்றாய் விலக்கப்பட்டன. அமெரிக்காவில் எஞ்சியிருந்த நைட்டார்சோன் என்னும் மருந்தும் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வந்தபின் தீர்ப்போம் என்றிருப்பது வீண். வருமுன் காப்பதே வழி. அதற்குக் கோழியின் குடலிலிருந்தே வேலையைத் தொடங்கவேண்டும்.

மற்றக் குடற்புழுக்கள்

குருட்டுக்குடற் புழுவைத் தவிர வேறு சிலவும் உண்டு. சிறுகுடலில் வாழும் பெரிய உருண்டைப்புழு விரல் நீளம் வளர்ந்து, மிகுந்தபோது குடலை அடைத்துவிடும். மயிர்போன்ற நூற்புழு குடலின் உட்சுவரைப் புண்ணாக்கிப் பறவையை இளைக்கச் செய்யும். கொட்டாவிப் புழு மூச்சுக்குழலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஆணும் பெண்ணும் பிரியாமல் சேர்ந்திருப்பதால் சிவந்த கவைக்கோல் போலத் தோன்றும். அது பற்றிய குஞ்சு கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும். நாடாப்புழு வண்டு, எறும்பு, ஈ, நத்தை ஆகியவற்றின் வழியாய் வரும். பறவை நன்றாய்த் தின்றும் எடை கூடாமை, முட்டை குறைதல், கொண்டை வெளிறுதல் ஆகியவை பொதுவான அறிகுறிகளாம்.

மருந்து கொடுக்கும் முறை

முதலில் எச்சத்தைப் பரீட்சிப்பது நன்று. கால்நடை வைத்தியசாலையில் எச்சத்தைக் கெட்டியான உப்புநீரிற் கரைத்து வைப்பர். புழுவின் முட்டைகள் அந்நீரைவிட இலேசானவை ஆதலால் மேலே மிதந்து வரும். அவற்றைப் பூதக்கண்ணாடியில் கண்டு இன்ன புழுவென்று சொல்லிவிடலாம். பல பறவைகளின் புதிய எச்சத்தைச் சிறிது சிறிதாய் எடுத்து ஒரு சுத்தமான டப்பாவிற் சேர்த்துக் கொண்டு போதல் போதும்.

புழு இன்னதென்று அறிந்தே மருந்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும். பைப்பரசீன் என்னும் மலிவான மருந்து பெரிய உருண்டைப்புழுவை வெளியேற்றும். குருட்டுக்குடற் புழுவை அது அவ்வளவாய்த் தொடாது. அதனைக் கொடுத்துவிட்டுக் கருந்தலை நோய் வாராதென்று நம்பியிருப்பது பெரும் பிழை. பென்பெண்டசோல் என்னும் மருந்து இரண்டையும் அழிக்க வல்லது. அமெரிக்காவில் வான்கோழிகளுக்கு ஒரு கிலோ தீவனத்துக்கு 16 மில்லிகிராம் வீதம் கலந்து 6 நாட்கள் தொடர்ந்து கொடுப்பது அங்கீகரிக்கப்பட்ட முறை. நம் ஊரில் விற்கும் மருந்தின் வலிமை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுமாதலால் அளவைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டே நிச்சயிக்கவேண்டும். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் விற்கலாகாது என்பதையும் அப்பொழுதே கேட்டறிக.

மருந்தை ஒரு கைப்பிடித் தீவனத்தில் முதலிற் கலந்து, அதனைப் பிறகு முழுத் தீவனத்தோடும் சேர்த்தால்தான் எல்லாப் பறவைகளுக்கும் சமமாய்ச் சேரும். முற்றத்திலுள்ள நாட்டுக்கோழிகள், கின்னிக்கோழிகள் அனைத்துக்கும் அதே நாட்களில் மருந்து கொடுத்தல் இன்றியமையாதது. வான்கோழிக்கு மட்டும் கொடுத்துக் கோழியை விட்டுவிடுவது, ஓட்டைப் பாத்திரத்தில் நீர் இறைப்பது போலாகும்.

காலத்தைப் பொறுத்தவரை, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒருமுறையும், மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் ஒருமுறையும் அவசியம். இவற்றுடன் பெட்டைகள் முட்டையிடத் தொடங்குவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பும் கொடுத்தல் வேண்டும். இடையில் மருந்து வேண்டுமா என்பதை எச்சப் பரீட்சையே சொல்லும்.

மருந்து உண்ட நாட்களில் விழும் எச்சத்தை அன்றாடம் வாரிக் குவியலாய்ச் சேர்த்து மூடி மக்கவிடுக. குவியலின் சூட்டில் புழு முட்டைகள் அழியும். அதனை மக்குமுன் தோட்டத்திற் பரப்பினால் மருந்துக்குச் செலவிட்ட பணமெல்லாம் வீணே.

நிலமும் கூடும்

மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி மண்ணிற் கிடக்கும் முட்டையைக் கொல்லாது. ஆதலால் வான்கோழிகளுக்குக் கோழி நடமாடாத தனி இடம் வேண்டும். அண்மையில் கோழி மேய்ந்த நிலத்தை வேலியிட்டு வான்கோழிக்கு விடுவதும் தகாது. தனி நிலம் இல்லாதவர் மண்ணுக்கு மேலே இரண்டடி உயரத்தில் மூங்கிற் பட்டை அல்லது கம்பி வலையால் பரண் அமைத்து, எச்சம் கீழே விழும்படி செய்து, இளம் பறவைகளையேனும் அதில் வளர்க்கலாம். நிலமுள்ளவர் அதனை இரண்டு மூன்று பாத்திகளாய்ப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுவது நன்று. மழை பெய்த மறுநாள் மண்புழு மேலே வந்திருக்கும். நிலம் உலரும்வரை பறவைகளை வெளியே விடாதிருக்க. தீவனத்தையும் நீரையும் பறவையின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டால் எச்சம் அவற்றிற் கலவாது. கோழிகளுக்குத் தீவனம் வைத்தவர் அதே காலோடு வான்கோழிக் கூட்டுக்குட் புகாமல், வான்கோழிகளை முதலிற் கவனித்துவிட்டுப் பின்னரே கோழிகளிடம் செல்லுதல் வேண்டும்.

நோயுற்ற பறவை ஒன்று கண்ணிற் பட்டால் அந்நேரமே பிரித்துவிடுக. நாளை பார்ப்போம் என்பது கூட்டத்தையே இழப்பதாகும்.

இனவிருத்திக்குரிய பறவைகள்

இனவிருத்திக்கு நிறுத்தும் சேவலையும் பெட்டையையும் எடையை மட்டும் நோக்கித் தேர்தல் கூடாது. நேரான கால், அகன்ற மார்பு, தெளிந்த கண், சுறுசுறுப்பான நடை ஆகியவை இருத்தல் வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் கறுப்பு நாட்டு வான்கோழியையும் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் சேர்த்து உண்டாக்கிய நந்தனம் வான்கோழி-1 என்னும் இனம் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது.

பெட்டைகள் ஏறக்குறைய 30 வார வயதில் முட்டையிடத் தொடங்கும். நடுத்தர எடையுள்ள இனத்தில் ஐந்து பெட்டைக்கு ஒரு சேவலும், கனத்த இனத்தில் மூன்று பெட்டைக்கு ஒரு சேவலும் போதும். சேவலின் நகமும் காலாணியும் பெட்டையின் முதுகைக் கிழித்துவிடும். ஆகையால் சேர்க்குமுன் நக நுனியை நறுக்கி மழுங்கச் செய்க. ஒரே ஈற்றில் பிறந்த சேவலையும் பெட்டையையும் தொடர்ந்து சேர்த்துவந்தால் முட்டை பொரிப்பது குறைந்து குஞ்சும் பலவீனப்படும். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருத்தல் அவசியம்.

முட்டையும் அடையும்

வான்கோழி முட்டை சுமார் 85 கிராம் எடையுள்ளது. ஒரு முனை நன்கு கூரியது. பெரும்பாலான முட்டைகள் பிற்பகலில் இடப்படுவதால் நண்பகலுக்குப் பின் இருமுறையேனும் சேகரிக்கவேண்டும். அழுக்கான முட்டையைக் கழுவி அடை வைப்பதைவிட, கூட்டில் அடிக்கடி புது வைக்கோல் இட்டு முட்டை அழுக்காகாமற் காப்பது மேல். ஈர மணலிற் பாதி புதைத்த மண்பானையில் கூர்முனை கீழாக வைத்து, ஒரு வாரத்துக்குள் அடை வைத்துவிடுக.

வான்கோழி முட்டை பொரிய 28 நாட்கள் ஆகும். வான்கோழிப் பெட்டையே அடைகாத்தால் பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை வைக்கலாம். நம் ஊர்களில் நாட்டுக்கோழியின் கீழ் வைப்பதே பெருவழக்கு. அப்படியாயின் அதன் உடல் மூடுமளவுக்கு ஐந்தாறு முட்டைகளே வைக்கவேண்டும். நாட்டுக்கோழிக்கு இயல்பான அடைக்காலம் 21 நாட்களே ஆதலால், மேலும் ஒரு வாரம் அது உட்கார வேண்டியிருக்கிறது. இரையும் நீரும் அருகில் வைத்தாலன்றி அது மெலிந்து எழுந்துவிடும். பத்தாம் நாள் இருட்டறையில் விளக்கொளிக்கு எதிரே முட்டையைப் பிடித்துப் பார்த்துக் கருவில்லாதவற்றை நீக்குக.

இங்குதான் அங்கத்தினர் மிக விழிப்பாயிருத்தல் வேண்டும். அடை வைக்கும் நாட்டுக்கோழியே குஞ்சுகளுக்கு யமனாகக்கூடும். அடைக்கு உட்காரும் பருவத்தை எதிர்நோக்கி இரண்டு வாரத்துக்கு முன்னரே அக்கோழிக்குப் புழு மருந்து கொடுக்கவேண்டும். பேன், செள் இருந்தால் நீக்கவேண்டும். குஞ்சுகள் பொரித்து உலர்ந்ததும் தாயாய் வந்த கோழியிடம் விடாமல் தனிக்கூட்டுக்கு மாற்றுவதே உத்தமம். கோழி குஞ்சுகளை முற்றமெங்கும் கூட்டித் திரிந்து கிளறி ஊட்டுவது காண்பதற்கு இனியதே. அது கிளறும் மண்ணில் அதன் குடலிலிருந்தே விழுந்த நஞ்சு கிடக்கிறதென்பதை நினைவில் வைக்க.

குஞ்சுகளின் முதல் நான்கு வாரம்

வான்கோழிக் குஞ்சு இரையையும் நீரையும் தானே கண்டுகொள்வதில் மந்தமானது. தீவனம் எதிரே இருக்கப் பட்டினியால் இறப்பதும் உண்டு. முதல் நாள் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் நீரில் ஒருமுறை தொட்டுக் காட்டுக. நீர்க் கிண்ணம் ஆழமற்றதாயும் உள்ளே கூழாங்கற்கள் இட்டதாயும் இருந்தால் குஞ்சு மூழ்காது. முதற் பதினைந்து நாட்களுக்குப் பத்துக் குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டை வீதம் நறுக்கியும், ஒரு லிட்டர் நீருக்கு 100 மில்லிலிட்டர் பால் வீதம் கலந்தும் கொடுப்பது பலன் தரும். பொடியாய் நறுக்கிய கீரையைத் தீவனத்தின்மேல் தூவினால் பச்சை நிறம் கண்டு கொத்தப் பழகும். கூட்டின் வெப்பம் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் இருக்கவேண்டும். பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வருக.

முதல் நான்கு வாரத் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 28 பங்கு இருத்தல் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனம் இதற்குப் போதாது. புரதத்துக்காகக் கடலைப் பிண்ணாக்குச் சேர்ப்போர் பூசணம் பிடித்ததை ஒருபோதும் சேர்க்கலாகாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த அப்லாடாக்சின் என்னும் நஞ்சே காரணமெனப் பின்னர்க் கண்டனர். அந்நஞ்சும் ஈரலையே தாக்குவது.

சங்கம் செய்யத்தக்கது

மேற்கூறியவற்றுட் பலவற்றை ஒருவர் தனித்துச் செய்வது அரிது. ஒரு வீட்டார் மருந்து கொடுக்க, அடுத்த வீட்டுக் கோழிகள் வேலி தாண்டி வந்து எச்சமிட்டால் பயன் என்ன? கோழிக்கு வேலியில்லை, ஆகையால் மருந்தும் தெரு முழுவதற்கும் ஒரே நாளில் நடைபெறவேண்டும். மருந்தை மொத்தமாய் வாங்கிப் பங்கிடுதல், எச்சத்தைச் சேர்த்து வைத்தியசாலைக்கு அனுப்புதல், அடுத்த ஊர்ச் சங்கத்தோடு சேவல்களை மாற்றிக்கொள்ளுதல், ஒரு பொது முட்டைப் பொரிப்பு இயந்திரம் வாங்கி நாட்டுக்கோழி அடையின் அபாயத்தையே ஒழித்தல் ஆகியவை சங்கத்தாற்றான் கூடும். வெளியூரிலிருந்து வாங்கிய பறவையை மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பரீட்சித்த பின்னரே கூட்டத்திற் சேர்ப்பதென்று எல்லாரும் ஒப்புக்கொள்வது இவையனைத்தினும் சிறந்தது.

வான்கோழி வைத்திராத அங்கத்தினர், “எங்கள் கோழிகள் சுகமாய் இருக்கையில் நாங்கள் ஏன் மருந்துக்குப் பணம் தரவேண்டும்?” என்று கேட்கக்கூடும். புழு நீங்கிய கோழி தின்ற இரை தனக்கே பயன்பட்டு, எடையிலும் முட்டையிலும் அச்செலவை ஈடுசெய்யும் என்பது ஒரு விடை. அயலான் கடன் வாங்கி வாங்கிய பத்துப் பறவைகள் தம் வீட்டுக் கோழியின் எச்சத்தால் மாளுமென்று அறிந்தபின் வாளாவிருக்க எவர்க்கும் மனம் வாராது என்பது மற்றொரு விடை. புரட்டாசி பிறக்குமுன் கூடும் மாதக்கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசி, மருந்து கொடுக்கும் நாளை நிச்சயித்துச் சங்கப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுமாறு அங்கத்தினரை வேண்டுகிறோம்.